எத்தனை, எங்கே, எப்போது: தன் அணு ஆயுதங்களைப் பற்றி இந்தியா எதைச் சொல்லலாம்?

ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று டெல்லியிலும் இஸ்லாமாபாத்திலும் ஒரே நேரத்தில் இரண்டு பட்டியல்கள் கைமாறுகின்றன. இந்தியாவின் அணுசக்தி நிலையங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று அட்சரேகை, தீர்க்கரேகையோடு எழுதிய பட்டியல் பாகிஸ்தானுக்குப் போகிறது. பாகிஸ்தானின் பட்டியல் நம்மிடம் வருகிறது. இந்த இடங்களை ஒருவர் மற்றவர் தாக்கக் கூடாது என்ற ஒப்பந்தம், ராஜீவ் காந்தியும் பெனசீர் புட்டோவும் பிரதமர்களாக இருந்தபோது, 1988 டிசம்பர் 31 அன்று கையெழுத்தானது. 1991 ஜனவரி 27-ல் நடைமுறைக்கு வந்தது. முதல் பட்டியல் 1992-ல் கைமாறியது. அன்றிலிருந்து ஓர் ஆண்டுகூடத் தவறவில்லை. கார்கில் போருக்கு அடுத்த ஜனவரியிலும், நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லையில் படைகள் குவிந்து நின்ற 2002 ஜனவரியிலும், 2025 மே மாதம் நான்கு நாள் ஏவுகணைகளும் ட்ரோன்களும் பறந்து ஓய்ந்த பிறகு வந்த ஜனவரியிலும் பட்டியல் போனது, வந்தது.

அந்தப் பட்டியலை நீங்களோ நானோ பார்க்க முடியாது. பாகிஸ்தான் அதிகாரி படிக்கும் தாளை இந்தியக் குடிமகன் படிக்க முடியாது. பாகிஸ்தான் குடிமகனுக்கும் இதே கதைதான். அணு ஆயுத நாடுகளின் வெளிப்படைத்தன்மை என்று பேச்செடுக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். சொல்வதா வேண்டாமா என்பது பாதிக் கேள்வி. எதைச் சொல்வது, யாரிடம் சொல்வது என்பது மீதிப் பாதி.

உலகில் அணு ஆயுதம் வைத்திருக்கும் நாடுகள் ஒன்பது. ஒன்பதும் ஒன்பது விதமாக வாய் திறக்கின்றன, அல்லது மூடிக்கொள்கின்றன. இந்தியா இன்றிருக்கும் நிலையிலேயே தொடரலாமா, இல்லை வேறு நாடுகள் போன வழிகளில் ஒன்றைப் பிடிக்கலாமா என்று எடைபோட்டுப் பார்ப்பதுதான் இங்கே என் வேலை.

இப்போதைய வழி: பாதி சொல்லி, பாதி மூடுவது

இந்தியா எதுவுமே சொல்லாத நாடு என்று நினைத்துவிடக் கூடாது. 1998 மே 11, 13 தேதிகளில் பொக்ரானில் சோதனை நடத்தியதும் நாமே உலகத்துக்கு அறிவித்தோம். 2003 ஜனவரி 4 அன்று பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு வெளியிட்ட சுருக்கமான செய்திக் குறிப்பில் நம் அணுக் கொள்கையின் சாரம் இருக்கிறது. எதிரியை அஞ்சவைக்கப் போதுமான குறைந்தபட்ச ஆயுதம் மட்டுமே வைத்திருப்போம், முதலில் பயன்படுத்த மாட்டோம், நம்மீது பயன்படுத்தினால் பதிலடி மிகக் கடுமையாக இருக்கும், பயன்படுத்த உத்தரவிடும் அதிகாரம் பிரதமர் தலைமையிலான அரசியல் குழுவுக்கே உண்டு என்கிறது அது. உயிரியல், ரசாயன ஆயுதங்களால் தாக்கப்பட்டால் அணு ஆயுதத்தால் பதிலடி கொடுக்கும் உரிமையை வைத்துக்கொள்கிறோம் என்று ஒரு விலக்கும் அதில் உண்டு.

எத்தனை குண்டுகள் இருக்கின்றன என்பதை மட்டும் எந்த அரசும் சொன்னதில்லை. ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி என்ற அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணிப்புப்படி 2025 ஜனவரியில் இந்தியாவிடம் சுமார் 180, பாகிஸ்தானிடம் சுமார் 170, சீனாவிடம் சுமார் 600. மும்பை டிராம்பேயில் இருக்கும் துருவா போன்ற அணு உலைகள் குண்டுக்கு மூலப்பொருளான புளுட்டோனியத்தை எவ்வளவு தந்திருக்கும், எந்தெந்த ஏவுகணைகள் படையில் சேர்ந்திருக்கின்றன என்றெல்லாம் கூட்டிக் கழித்துப் போடும் கணக்குதான் இது.

எண்ணிக்கையைச் சொல்லாததற்கு உள்ள காரணத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் பயன்படுத்த மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த நாடு, முதல் அடியை வாங்கிய பிறகும் திருப்பி அடிக்கும் நிலையில் இருந்தாக வேண்டும். ஆயிரக்கணக்கில் வைத்திருப்பவன் நூறை இழந்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை. நூற்றுச் சொச்சம் வைத்திருப்பவனுக்கு ஒவ்வொன்றும் முக்கியம். இத்தனைதான் என்று தெரிந்தால், இத்தனையை அழித்தால் போதும் என்று எதிரி கணக்குப் போடுவான். அந்தக் கணக்கைப் போடவிடாமல் வைப்பதே பாதுகாப்பு. இது நேர்மையான வாதம்.

ஆனால் மௌனத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. அதை அமெரிக்கா ஒருமுறை கட்டியது. 1957-ல் ஸ்புட்னிக் பறந்த பிறகு, சோவியத் ஒன்றியம் ஏவுகணைகளைக் குவித்துவிட்டது, நாம் பின்தங்கிவிட்டோம் என்ற பயம் வாஷிங்டனைப் பிடித்துக்கொண்டது. 1960 தேர்தலில் கென்னடி அதையே பேசினார். சோவியத் தலைவர் குருஷ்சேவும் தன்னிடம் இல்லாததை இருப்பதுபோலப் பேசி அந்தப் பயத்துக்கு எண்ணெய் ஊற்றினார். 1961-ல் உளவுச் செயற்கைக்கோள் படங்கள் வந்தபோதுதான் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் சோவியத் ஏவுகணைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று தெரிந்தது. அதற்குள் அமெரிக்காவின் ஏவுகணைத் திட்டங்கள் முழு வேகத்தில் ஓடத் தொடங்கிவிட்டன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மினிட்மேன் ஏவுகணைகள் மட்டும் 1,000 மண்ணுக்குள் இறங்கின. சோவியத்தும் விரட்டிப் பிடிக்கத் தொடங்கியது. இல்லாத ஏவுகணைகளுக்குப் பயந்து செய்தவை, பிறகு இரண்டு பக்கமும் உண்மையான ஏவுகணைகளாக நின்றன.

இன்று அதே இடத்தில் சீனா இருக்கிறது. முதலில் பயன்படுத்த மாட்டோம் என்று 1964-ல் முதல் குண்டை வெடித்த நாளிலேயே சொன்ன நாடு அது. எண்ணிக்கையை மட்டும் சொன்னதே இல்லை. 2021-ல் யூமென், ஹாமி பகுதிகளின் பாலைவனத்தில் ஏவுகணைக் குழிகள் வரிசை வரிசையாகத் தோண்டப்படுவதை, கடையில் வாங்கும் செயற்கைக்கோள் படங்களை வைத்தே அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் கண்டுபிடித்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியவில்லை. ஆனால் அந்தக் குழிகளில் எத்தனையில் ஏவுகணை இருக்கும், எத்தனை காலியாக இருக்கும் என்று பெய்ஜிங் சொல்லாததால், எல்லாவற்றிலும் இருப்பதாகவே மற்றவர்கள் திட்டமிடுகிறார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் வேண்டுமென்றால் 2025 மே மாதம். பாகிஸ்தானின் சர்கோதா அருகே கிரானா மலையில் அணு ஆயுதக் கிடங்கு இருக்கிறது, அதை இந்தியா தாக்கிவிட்டது, கதிர்வீச்சு கசிகிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி பறந்தது. கிரானா மலையைத் தாக்கவில்லை என்று ஏர் மார்ஷல் ஏ.கே. பாரதி செய்தியாளர்களிடம் சொன்னார். பாகிஸ்தானில் எந்த அணு நிலையத்திலிருந்தும் கசிவு இல்லை என்று சர்வதேச அணுசக்தி முகமையும் சொன்னது. வதந்தி அப்போதும் அடங்கவில்லை. எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாதபோது மறுப்பை நம்பவும் யாருக்கும் ஆதாரம் இல்லை. இரண்டு அணு ஆயுத நாடுகள் சண்டையில் இருக்கும் நாளில் இப்படிப்பட்ட வதந்தி உலவுவது சாதாரண விஷயம் இல்லை.

அப்புறம் நம் சொந்தக் கணக்கு. 1998-ல் வெடித்த ஹைட்ரஜன் குண்டு எதிர்பார்த்தபடி வெடிக்கவில்லை என்று 2009-ல் கே. சந்தானம் பகிரங்கமாகச் சொன்னார். அவர் வெளியாள் இல்லை, பொக்ரான் களத்தில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் பணிகளை நடத்தியவர். அணுசக்தித் துறையின் தலைவராக இருந்து அந்தச் சோதனையை நடத்திய ஆர். சிதம்பரம் அதை அடியோடு மறுத்தார். 45 கிலோ டன் ஆற்றலோடு, வடிவமைத்தபடியே வெடித்தது என்றார். இரண்டு பேரும் விஞ்ஞானிகள், இரண்டு பேரும் அந்த இடத்தில் இருந்தவர்கள். யார் சொல்வது சரி என்று முடிவு செய்யத் தேவையான விவரங்கள் அரசின் பெட்டியில் பூட்டிக் கிடக்கின்றன. இவ்வளவு பெரிய விஷயத்தில் நம் நாடாளுமன்றம் ஒரு முழு விவாதம் நடத்த வழியில்லாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இந்த வழியின் கடைக்கோடியில் இஸ்ரேல் இருக்கிறது. இருக்கிறது என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. 1986-ல் டிமோனா உலையின் உள்விவரங்களை லண்டன் பத்திரிகைக்குச் சொன்ன, அங்கே வேலை பார்த்த மொர்டெகாய் வனுனு 18 ஆண்டுகள் சிறையில் இருந்தார். அந்த வழி நமக்கு வேண்டவே வேண்டாம். அதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

எண்ணிக்கையை அப்படியே சொல்லிவிடுவது

2010 மே 3 அன்று, அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் மறுஆய்வு மாநாடு நியூயார்க்கில் தொடங்கிய நாளில், அமெரிக்கா தன் கையிருப்பைச் சொன்னது. 2009 செப்டம்பர் 30 நிலவரப்படி 5,113. எந்தெந்த ஆண்டில் எவ்வளவு இருந்தது என்றும் சொன்னது. உச்சம் 1967-ல், 31,255. அதன் பிறகு பல ஆண்டுகள் தொடர்ந்து எண் வந்தது. 2017 கணக்கு 3,822. அடுத்த ஆண்டுக்கான எண்ணை டிரம்ப் அரசு தர மறுத்தது. 2021 அக்டோபரில் பைடன் அரசு மறுபடி திறந்து 3,750 என்றது. பிறகு மீண்டும் இடைவெளி. 2024 ஜூலையில் 3,748.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. உலகமே நடுங்கும்படி எதுவும் நடக்கவில்லை. அத்தனை ஆண்டுகள் ரகசியம் என்று காத்த எண்ணைச் சொன்னதால் அமெரிக்காவின் பாதுகாப்பு எந்த விதத்தில் குறைந்தது என்று யாராலும் காட்ட முடியவில்லை. பிடிக்காததும் ஒன்று. ஆள் மாறினால் எண் நின்றுவிடுகிறது. ஒரு ஜனாதிபதி சொல்வார், அடுத்தவர் சொல்ல மாட்டார். தானாகக் கொடுத்ததைத் தானாகவே நிறுத்திக்கொள்ளலாம்.

நமக்கு இது பொருந்துமா? பொருந்தாது என்றே நினைக்கிறேன். 3,748 வைத்திருப்பவர் அதைச் சொல்வதும் ஏறத்தாழ 180 வைத்திருப்பவர் சொல்வதும் ஒன்றல்ல. நாம் ஓர் எண் சொன்ன மறுநாளே அது பாகிஸ்தானில் அரசியலாகும். அவர்களைவிட ஒன்று கூடுதலாக இருந்தால் அங்கே கூச்சல், ஒன்று குறைவாக இருந்தால் இங்கே கூச்சல். கிரிக்கெட் ஸ்கோர்போல அந்த எண்ணைப் பார்ப்பார்கள். சீனாவோ எண் சொல்லாமல் வேடிக்கை பார்க்கும்.

சொன்ன எண்ணை யார் நம்புவது என்ற கேள்வியும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் அனுபவத்தைப் பாருங்கள். ஆறு குண்டுகள் செய்தோம், ஏழாவது பாதியில் இருந்தது, எல்லாவற்றையும் பிரித்து அழித்துவிட்டோம் என்று 1993 மார்ச் 24 அன்று ஜனாதிபதி டி கிளர்க் நாடாளுமன்றத்தில் சொன்னார். ஆயுதத்தையே கைவிட்ட நாடு அது. அப்படியிருந்தும் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் பல ஆண்டு உற்பத்திப் பதிவேடுகளைப் புரட்டி, செறிவூட்டிய யுரேனியம் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று சரிபார்த்த பிறகுதான் உலகம் நம்பியது. கைவிடாத நாடு வெறும் எண்ணைச் சொன்னால், உள்ளே வந்து பார் என்று சொல்லும் நிலையில் அது இல்லை. அப்போது சொன்ன எண்ணும் இன்னொரு கணிப்பாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

உச்சவரம்பு சொல்வது

நில உச்சவரம்புச் சட்டம் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சொல். உன்னிடம் சரியாக எத்தனை ஏக்கர் என்று கேட்பதற்கும், இத்தனைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதற்கும் வித்தியாசம் உண்டு. பிரான்சும் பிரிட்டனும் குண்டுகள் விஷயத்தில் பிடித்தது இந்த இரண்டாவது வழி.

300-க்குக் குறைவாகவே வைத்திருப்போம் என்று 2008-ல் செர்பூர் துறைமுகத்தில் பிரெஞ்சு ஜனாதிபதி சர்க்கோசி சொன்னார். 2015-ல் அவருக்கு அடுத்து வந்த ஓலாந்து இஸ்த்ர் விமானதளத்தில் பேசியபோது இன்னும் ஒரு படி போனார். நீர்மூழ்கிகளுக்குப் பதினாறு பதினாறாக மூன்று தொகுதி ஏவுகணைகள், விமானத்திலிருந்து ஏவுபவை 54 என்று ஏவுகணைக் கணக்கையும் திறந்து வைத்தார். 2020-ல் மக்ரோன் 300-க்குக் குறைவு என்பதை மறுபடி சொன்னார்.

பிரிட்டன் கதை இன்னும் பாடம் நிறைந்தது. 2010 மே மாதம் மொத்தம் 225-ஐத் தாண்ட மாட்டோம் என்றது. அதே ஆண்டு அக்டோபரில், 2020-களின் நடுவில் 180-க்குள் கொண்டுவருவோம் என்றது. பத்தாண்டு கழித்து, 2021 மார்ச்சில், திரும்பி நடந்தது. உச்சவரம்பை 260-ஆக உயர்த்தியது. எத்தனை குண்டுகள் உடனே பயன்படுத்தும் நிலையில் இருக்கின்றன என்பதை இனிச் சொல்லப் போவதில்லை என்றும் அறிவித்தது.

இதைப் பார்த்ததும், உச்சவரம்புக்கு மதிப்பே இல்லை, வேண்டும்போது உயர்த்திக்கொள்கிறார்களே என்று சொல்லத் தோன்றும். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. உயர்த்தியது உலகத்துக்குத் தெரிந்ததே முன்பு ஒரு வரம்பு சொல்லியிருந்ததால்தான். எதற்காக உயர்த்துகிறீர்கள் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க முடிந்தது. ஆயுதக் குறைப்பு பற்றிப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கொடுத்த வாக்கு என்னவாயிற்று என்று மற்ற நாடுகள் கேட்க முடிந்தது. அரசு எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. வரம்பே சொல்லாத நாட்டில் 100 என்பது 180 ஆகும்போது யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. சத்தமே இல்லாமல் கூடும்.

நம் கொள்கையில் 'குறைந்தபட்சம்' என்ற சொல் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு மேல்முனை எதுவும் இல்லை. 2003-ல் எவ்வளவு குறைந்தபட்சமோ அதே அளவு இன்றும் குறைந்தபட்சமா? சீனா 600-லிருந்து ஆயிரத்துக்குப் போனால் நம் குறைந்தபட்சமும் கூடவே நகருமா? அரசு ஒரு வரம்பு சொன்னால் இந்தச் சொல்லுக்கு உயிர் வரும். வரம்பைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். எதிரிக்குத் துல்லியமான கணக்கு கிடைக்காது. அதேசமயம் இந்தியா இதற்கு மேல் போகாது என்று மற்றவர்கள் திட்டமிட ஓர் இடம் கிடைக்கும்.

பரஸ்பரம் எண்ணிப் பார்ப்பது

உள்ளதிலேயே உறுதியான வழி அமெரிக்காவும் ரஷ்யாவும் செய்தது. 2010 ஏப்ரல் 8 அன்று பிராகாவில் கையெழுத்தான நியூ ஸ்டார்ட் ஒப்பந்தம், 2011 பிப்ரவரி 5-ல் நடைமுறைக்கு வந்தது. ஏவத் தயாராக நிறுத்தி வைத்திருக்கும் குண்டுகள் 1,550, அவற்றைச் சுமக்கும் ஏவுகணைகளும் விமானங்களும் 700 என்பது வரம்பு. ஆண்டுக்கு இரண்டு முறை விவரப் பரிமாற்றம். ஒவ்வோர் ஏவுகணைக்கும் ஓர் அடையாள எண். அது ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போனால் தகவல். ஆண்டுக்கு 18 நேரடி ஆய்வுகள். ஆய்வாளர் போய் ஓர் ஏவுகணையைத் தேர்ந்தெடுத்தால் அதன் தலைப்பகுதியைத் திறந்து காட்டுவார்கள். குண்டுகள் துணியாலோ உறையாலோ மூடப்பட்டிருக்கும். வடிவமைப்பு தெரியாது, எத்தனை என்று எண்ணலாம். இப்படி 328 ஆய்வுகள் நடந்தன, 25,000-க்கும் மேற்பட்ட தகவல்கள் கைமாறின. ஒருவரை ஒருவர் நம்பாத இரண்டு நாடுகள், நம்பிக்கை தேவைப்படாத ஏற்பாடு ஒன்றைச் செய்துகொண்டன.

2020-ல் கொரோனாவால் ஆய்வுகள் நின்றன. பிறகு தொடங்கவே இல்லை. உக்ரைன் போர் நடுவே 2023 பிப்ரவரி 21 அன்று ரஷ்யாவின் பங்கேற்பை நிறுத்திவைப்பதாகப் புதின் அறிவித்தார். 2026 பிப்ரவரி 5-ல் ஒப்பந்தத்தின் காலமே முடிந்தது. ஐம்பது ஆண்டுகளில் கட்டியதை இழந்துவிட்டோமே என்று வேதனையாக இருக்கிறது.

இதை நாம் இங்கே செய்ய முடியுமா என்றால், இப்போதைக்கு வழி இல்லை. நாம் பாகிஸ்தானோடு கணக்குப் பார்த்தால் போதாது, சீனாவைப் பார்க்க வேண்டும். சீனா அமெரிக்காவைப் பார்க்கும். ஒரு சங்கிலி இது. இன்னொரு தடையும் உண்டு, அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. நியூ ஸ்டார்ட்டில் எண்ணியது ஏவுகணைமேல் ஏற்றி நிறுத்திய குண்டுகளை. நம் குண்டுகள் பெரும்பாலும் ஏவுகணையிலிருந்து பிரித்துத் தனியாக வைக்கப்பட்டிருப்பதாகவே கருதப்படுகிறது. அது நல்ல பழக்கம், அவசரத்தில் தவறு நேராது. ஆனால் எண்ண வேண்டுமென்றால் ஆய்வாளரைக் கிடங்குக்குள்ளேயே அழைத்துப் போக வேண்டும். எதை மறைத்தால்தான் பாதுகாப்போ அதையே காட்ட வேண்டும் என்றால் எந்த அரசும் ஒப்புக்கொள்ளாது.

நடத்தையைச் சொல்வது

இதுவரை பார்த்த எல்லாமே 'எத்தனை' என்ற கேள்வி. ஆனால் அணு ஆயுத நாடுகள் தவறுதலாகப் போருக்கு மிக அருகில் போன தருணங்களில் எண்ணிக்கை பிரச்சினையாக இருந்ததில்லை. வானத்தில் ஒரு புள்ளி தெரிகிறது, அது என்ன என்ற கேள்விதான் இருந்தது.

1995 ஜனவரி 25 அன்று நார்வேயின் ஆண்டோயாவிலிருந்து வடதுருவ ஒளியை ஆராய ஒரு ராக்கெட் போனது. அமெரிக்க நீர்மூழ்கியிலிருந்து ஏவுகணை கிளம்பியதோ என்று ரஷ்ய ரேடாரில் இருந்தவர்கள் பயந்தார்கள். அணு ஆயுதத்தை ஏவ உத்தரவிடும் பெட்டி ரஷ்ய ஜனாதிபதி யெல்ட்சின் முன் திறந்து வைக்கப்பட்டது. நார்வே இந்த ராக்கெட்டைப் பற்றிப் பல வாரங்களுக்கு முன்பே மாஸ்கோவுக்கு எழுதியிருந்தது. ரேடாரின் முன் உட்கார்ந்திருந்த ஆளுக்கு அந்தக் கடிதம் போய்ச் சேரவில்லை.

நம் பக்கத்தில் 2005 அக்டோபரில் கையெழுத்தான ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. மேலே ஏறி வளைந்து வந்து விழும் பாலிஸ்டிக் ஏவுகணையைச் சோதிக்கும் முன் குறைந்தது மூன்று நாளாவது முன்னதாக இந்தியாவும் பாகிஸ்தானும் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். நன்றாகவே நடக்கிறது. ஆனால் விமானம்போலப் பறந்து போகும் க்ரூஸ் ஏவுகணைகள் இதில் சேராது. 2022 மார்ச் 9 அன்று என்ன நடந்தது என்பது பலருக்கும் நினைவிருக்கும். இந்திய பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி எல்லையைத் தாண்டி, 124 கிலோமீட்டர் உள்ளே போய், மியான் சன்னு ஊர் அருகே விழுந்தது. பிரம்மோஸ் ஒரு க்ரூஸ் ஏவுகணை. யாரும் சாகவில்லை. தவறுதலாக நடந்தது என்று இந்தியா பகிரங்கமாகச் சொன்னது மார்ச் 11 அன்று. உடனே ஏன் சொல்லவில்லை என்று பாகிஸ்தான் கேட்டது. விசாரணைக்குப் பிறகு ஆகஸ்டில் மூன்று விமானப்படை அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள்.

அது சோதனை இல்லை, விபத்து. அதனால் மூன்று நாள் முன்னறிவிப்பு அங்கே உதவாது என்பது உண்மை. அங்கே தேவைப்பட்டது, ஏவுகணை கிளம்பிய அந்த நிமிடமே, தவறு நடந்துவிட்டது, அதில் அணுகுண்டு இல்லை என்று சொல்லும் ஒரு தொலைபேசி அழைப்பு. அணு ஆயுத விபத்துகளைப் பற்றி உடனே தகவல் சொல்ல 2007-லேயே ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். ராணுவ இயக்கங்களுக்கான தலைமை இயக்குநர்கள் இருவருக்கும் நடுவே ஹாட்லைன் இருக்கிறது. 2025 மே 10 அன்று சண்டை நின்றது அந்த இரண்டு அதிகாரிகளும் பேசிய பிறகுதான். வழி இருக்கிறது, ஏவுகணை விபத்துக்கு அதைப் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயம்தான் இல்லை.

நடத்தையைச் சொல்வதில் கொள்கையைச் சொல்வதும் சேரும். இதில் நாம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறோம். 2016-ல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கர், முதலில் பயன்படுத்த மாட்டேன் என்று ஏன் கட்டிப்போட்டுக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் பேசி, அது தன் சொந்தக் கருத்து என்றார். 2019 ஆகஸ்டில் பொக்ரானில் ராஜ்நாத் சிங், இதுவரை இந்தக் கொள்கைதான், எதிர்காலத்தில் என்ன என்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்றார். அரசின் கொள்கை மாறவில்லை. ஆனால் 2003-ன் சுருக்கக் குறிப்பு ஒரு பக்கமும் அமைச்சர்களின் பேச்சு இன்னொரு பக்கமும் இருந்தால் கேட்பவர் எதை எடுத்துக்கொள்வார்? மோசமானதைத்தான்.

என் தேர்வு

மூன்று கேள்விகளையும் பிரித்தால் விடை தெளிகிறது. ஆயுதங்கள் எங்கே என்பதைச் சொல்லக் கூடாது. எத்தனை என்பதற்கு உச்சவரம்பு போதும், துல்லியமான எண் வேண்டாம். எப்போது, எந்தச் சூழலில் என்பதைத் தாராளமாகச் சொல்லலாம், ஏனென்றால் இது எதிரிக்குத் தெரிந்தால் நமக்கும் நல்லது.

வரிசையும் முக்கியம். நான் முதலில் கைவைப்பது 2005 ஒப்பந்தத்தில்தான். க்ரூஸ் ஏவுகணைச் சோதனைகளையும் அதில் சேர்க்க வேண்டும். எந்த ஏவுகணையும் தவறுதலாகக் கிளம்பினால் உடனே ஹாட்லைனில் சொல்ல வேண்டும் என்ற விதியையும் சேர்க்க வேண்டும். இதனால் இரண்டு நாடுகளும் எந்த ரகசியத்தையும் இழப்பதில்லை. பாகிஸ்தானின் க்ரூஸ் ஏவுகணைகளைப் பற்றி நமக்கும் தகவல் வரும்.

இரண்டாவது, 2003-ன் கொள்கையை அரசு நாடாளுமன்றத்தில் முழுமையாக வைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இன்னும் இதுதான் என்றோ, இதில் இது மாறியிருக்கிறது என்றோ சொல்வது. எதிரியின் காதுக்கு மட்டும் இல்லை, நம் காதுக்கும். உச்சவரம்பை மூன்றாவதாக வைக்கிறேன். அதுவும் நாடாளுமன்றத்தில்தான் சொல்லப்பட வேண்டும், வெளிநாட்டு மாநாட்டு மேடையில் இல்லை.

உச்சவரம்பு எவ்வளவு என்று பேசத் தொடங்கினால், எவ்வளவு புளுட்டோனியம் வருகிறது என்ற கேள்வியும் கூடவே வரும். அங்கே தமிழ்நாடு நேராக வந்து நிற்கிறது. கூடங்குளம் உலைகள், அங்கிருந்து எதுவும் ஆயுதத்துக்குப் போகாதபடி, சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பில் இருக்கின்றன. கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலைய உலைகளும் எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் 500 மெகாவாட் அதிவேக ஈனுலையும் அந்தக் கண்காணிப்பில் இல்லை. 2006-ல் அமெரிக்காவோடு அணுசக்தி ஒப்பந்தம் பேசியபோது 22 உலைகளில் 14-ஐக் கண்காணிப்பின் கீழ் வைக்க ஒப்புக்கொண்டு, 8-ஐ வெளியே வைத்தோம். ஈனுலையையும் வெளியேதான் வைத்தோம். அதை உள்ளே கொண்டுவருவது நாட்டின் நலனுக்கு நல்லதல்ல என்று அப்போது அணுசக்தித் துறைத் தலைவராக இருந்த அனில் ககோத்கர் வெளிப்படையாகவே வாதாடினார். அணுசக்தியில் ஓடும் அரிஹந்த் நீர்மூழ்கியின் உலைக்கு மாதிரியாக நிலத்தில் கட்டிய உலையும் கல்பாக்கத்தில்தான் இருக்கிறது. அரிஹந்த் 2009-ல் விசாகப்பட்டினத்தில் கடலில் இறங்கிய பிறகுதான் அந்த மாதிரி உலையைப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சதுரங்கப்பட்டினத்தைத் தாண்டும்போதெல்லாம், அங்கே மின்சாரத்துக்கு எவ்வளவு, ஆயுதத்துக்கு எவ்வளவு என்று கேட்கக்கூட நமக்கு வழியில்லையே என்ற எண்ணம் வரும். ஈனுலையின் புளுட்டோனியம் ஆயுதத்துக்குப் போகாது என்று ஒரு வரி அரசு அறிவித்தால், உச்சவரம்பை மற்றவர்கள் நம்ப அதுவே பாதி ஆதாரம்.

இதெல்லாம் இன்றைய சூழலில் நடக்குமா என்று கேட்பீர்கள். பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு இரண்டு நாடுகளும் தூதரகங்களில் ஆட்களை 30-ஆகக் குறைத்துவிட்டன. பேச்சுவார்த்தை இல்லை. சரி, அந்தக் குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டும் ஜனவரி 1-ல் பட்டியல் கைமாறியதே. க்ரூஸ் ஏவுகணைகளைச் சேர்க்கும் திருத்தத்தின் வரைவு, அடுத்த ஜனவரி 1 அன்று அந்தப் பட்டியலோடு சேர்த்து ஒரு தாளாகப் போகலாம். ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். கொள்கையை நாடாளுமன்றத்தில் வைப்பதற்கு இஸ்லாமாபாத்தின் கையெழுத்தும் தேவையில்லை.